குத்துச்சண்டை போட்ட பாதிரியார்

'24' தொடரை ராத்திரி முழிச்சிருந்து பார்த்தவங்களுக்கு ஜாக் பாவரைத் தெரியாம இருக்காது. அந்த வேஷம் கட்டின கீஃபர் சதர்லேண்டோட அம்மாவழித் தாத்தாவைப் பத்திதான் இந்தப் பதிவு. பேரு டாமி டக்ளஸ். பாப்டிஸ்ட் சபைப் போதகரா இருந்து, அப்புறம் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துக்கு 17 வருஷம் முதல்வரா இருந்தவர்.

1904-ல ஸ்காட்லாந்துல பிறந்தவர். சின்ன வயசுலயே கால் எலும்புல சீழ் பிடிச்சுடுச்சு. குடும்பம் பிழைப்பு தேடி வின்னிபெக் வந்த பிறகும் அது விடலை. காலை எடுத்துடணும்னுட்டாங்க. நல்ல டாக்டர்கிட்ட காட்ட கையில காசில்லை. தற்செயலா அவனைப் பார்த்த எலும்பு சர்ஜன் ஒருத்தர், மாணவர்களுக்குப் பாடம் நடத்த ஒரு கேஸ் ஆச்சுன்னு இலவசமா ஆபரேஷன் பண்ணி காலைக் காப்பாத்தினார். அதே காலோட 1922-ல மனிடோபா மாகாண லைட்வெயிட் குத்துச்சண்டை சாம்பியன்!

என் கால் தப்பிச்சது அதிர்ஷ்டத்துல, அந்த டாக்டர் கண்ணுல படாத பையனோட கதி என்னங்கிற கேள்வி மட்டும் அவரை விடலை. அப்பாவோட ஆபரேஷனுக்கு அட்வான்ஸ் கட்ட, கையில மூணு கிரெடிட் கார்டோட கவுன்ட்டர்ல நின்னவன் நான். எனக்கு இந்த இடம் நல்லாவே புரிஞ்சது.

1930-ல வேபர்ன்ங்கிற ஊர்ல போதகரா சேர்ந்தார். பொருளாதார மந்தம், கூடவே வறட்சி. கோதுமைக் காடெல்லாம் புழுதியாப் பறந்துச்சு. சபை மூலமா துணிமணி திரட்டிக் கொடுத்தார். வைத்தியத்துக்குக் காசில்லாம செத்துப்போன, சின்னக் குழந்தைங்க இருக்கிற இளம் தகப்பன்களைப் புதைக்கவும் இவர்தான் ஜெபம் சொல்லணும். ஜெபம் மட்டும் போதாதுன்னு சி.சி.எஃப். கட்சியில சேர்ந்தார். 1934 மாகாணத் தேர்தல்ல தோல்வி. சரி போதும்னு இருந்தவர்கிட்ட சபை மேலதிகாரி ஒருத்தர் வந்து, அரசியலை விடலைன்னா மேற்குக் கனடாவுல வேற சபையே கிடைக்காதுன்னு மிரட்டியிருக்கார். மனுஷனுக்கு ரோஷம் வந்துடுச்சு. 1935-ல நின்னு ஜெயிச்சு நாடாளுமன்றம் போயிட்டார்.

இவரைப் புனிதராக்க எனக்கு ஆசையில்லை. 1933-ல எழுதின முதுகலை ஆய்வேட்டுல, மனவளர்ச்சி குறைஞ்சவங்களுக்குக் கட்டாயக் கருத்தடை பண்ணணும்னு எழுதினவர் இவர். படிக்கவே கூசுது. ஆனா பின்னாடி அந்தக் கருத்தை விட்டுட்டார். அதிகாரம் கைக்கு வந்தப்பவும் அப்படி ஒரு சட்டம் கொண்டுவரலை. பக்கத்து ஆல்பர்ட்டாவுல அந்தச் சட்டம் 1928-லிருந்து 1972 வரைக்கும் இருந்துச்சு. அங்கேயும் 1935-லிருந்து ஆண்டது ரேடியோவுல பிரசங்கம் பண்ணினவங்கதான்!

1944 மாகாணத் தேர்தல்ல 52-ல 47 தொகுதி. 1947 ஜனவரி 1-லிருந்து மாகாணம் முழுக்க ஆஸ்பத்திரி காப்பீடு. ஆளுக்கு வருஷம் 5 டாலர், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 30. டாக்டர் ஃபீஸுக்கும் சேர்த்துக் காப்பீடுன்னு 1959-ல தான் அறிவிச்சார். நடுவுல 12 வருஷம். கடனைக் குறைச்சு, கஜானாவைத் தேத்தாம அவர் அதுல கை வைக்கலை. இலவசம்னு எதையாவது அறிவிக்கிற எல்லாரும் கவனிக்க வேண்டிய இடம் இது :-)

டாக்டர்கள் சங்கம் கொதிச்சுப்போச்சு. 1960 தேர்தல்ல காசைக் கொட்டி எதிர்ப் பிரசாரம் பண்ணியும் டக்ளஸ்தான் ஜெயிச்சார். 1961-ல புதுசா உருவான என்.டி.பி. கட்சிக்குத் தேசியத் தலைவராப் போக, பதவியை வுட்ரோ லாய்டுகிட்ட ஒப்படைச்சார். 1962 ஜூலை 1 திட்டம் அமலுக்கு வந்த அன்னிக்கே டாக்டர்கள் ஸ்டிரைக். 23 நாள். பிரிட்டன்லேருந்தெல்லாம் டாக்டர்களை வரவழைச்சு லாய்டு சமாளிச்சார். உண்மையில அடி வாங்கினது அந்த மனுஷன், பேர் வாங்கினது டக்ளஸ்.

டக்ளஸும் சும்மா தப்பிக்கலை. ஸ்டிரைக்குக்கு ரெண்டு வாரம் முன்னாடி நடந்த நாடாளுமன்றத் தேர்தல்ல, சொந்த மாகாணத் தலைநகர் ரெஜைனாவிலேயே தோத்தார். அப்புறம் இடைத்தேர்தல்ல, பிரிட்டிஷ் கொலம்பியாவுல நின்னுதான் உள்ளே போக முடிஞ்சது. 1966-ல அதே திட்டத்தைக் கனடா முழுக்கக் கொண்டுபோகச் சட்டம் போட்டது லிபரல் அரசு.

1986-ல இறந்தார். 2004-ல சி.பி.சி. டிவி, மிகச் சிறந்த கனடியர் யாருன்னு மக்கள்கிட்ட ஓட்டு எடுத்தப்ப முதலிடம் இவருக்கு. ஹாக்கி வெறி பிடிச்ச அந்த நாட்டுல வெய்ன் கிரெட்ஸ்கிக்கே 10ஆவது இடம்தான்.