புவிநிலைச் சுற்றுப்பாதை

புவிநிலைச் சுற்றுப்பாதை என்பது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில், புவி சுழலும் திசையிலேயே அமைந்த வட்டப்பாதை. புவி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளும் நேரத்தில் இதிலுள்ள செயற்கைக்கோளும் ஒரு சுற்றை முடித்துவிடும். ஆகவே தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது வானில் ஓரிடத்தில் நிற்பதாகவே படும். மொட்டைமாடியில் ஒருதரம் திருப்பி முடுக்கிய டிஷ் ஆன்டெனாவை மறுபடி தொட வேண்டியிராதது இதனால்தான். வட்ட இயக்கத்தையும் ஈர்ப்புப்புலத்தையும் சேர்த்துப் படிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இயற்பியல் அடிப்படை

அவ்வளவு உயரத்தில் புவியீர்ப்பு இல்லை, அதனால்தான் செயற்கைக்கோள் விழுவதில்லை என்ற எண்ணம் பள்ளிப்படிப்பு முடித்தவர்களிடமும் இருக்கிறது. உண்மை வேறு. புவிமையத்திலிருந்து இப்பாதையின் தொலைவு 42,164 கிலோமீட்டர், அதாவது புவி ஆரத்தைப் போல 6.6 மடங்கு. ஈர்ப்புப்புலம் தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறைவதால், தரையில் 9.8 ஆக உள்ள முடுக்கம் அங்கே 0.224 மீட்டர்/நொடி² ஆகிறது. சிறியதுதான், ஆனால் வட்டத்தில் பிடித்து வைக்க அதுவே போதும். செயற்கைக்கோள் நொடிக்கு 3.07 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஒரு நொடிக்குள் நேர்கோட்டை விட்டுப் புவியை நோக்கி 11 சென்டிமீட்டர் விழுகிறது. இப்படி ஓயாமல் விழுவதைத்தான் சுற்றுதல் என்கிறோம். மையநோக்கு விசை என்று தனியாக ஒரு விசை அங்கே கிடையாது. ஈர்ப்பே அந்த வேலையைச் செய்கிறது.

ஈர்ப்பு விசையையும் வட்ட இயக்கத்துக்கு வேண்டிய விசையையும் சமப்படுத்தினால் செயற்கைக்கோளின் நிறை இருபுறமும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது கெப்ளரின் மூன்றாம் விதி: சுற்றுக்காலத்தின் இருமடி ஆரத்தின் மும்மடிக்கு நேர்த்தகவில் இருக்கும். சுற்றுக்காலத்தை முடிவு செய்துவிட்டால் ஆரமும் முடிவாகிவிடும். ஆயிரம் கிலோ பொறியோ ஆறாயிரம் கிலோ பொறியோ, ஒரு நாளில் ஒரு சுற்று வேண்டுமானால் இந்த ஒரே உயரம்தான். இங்கே நாள் என்பது 24 மணி அன்று. விண்மீன்களை வைத்து அளக்கும் 23 மணி 56 நிமிடம் 4 நொடி.

இந்த ஆரத்தை நிலவை வைத்தே கண்டுவிடலாம். நிலவு 27.32 நாளில் சுற்றி வருகிறது. நம் விண்மீன் நாளைப் போல 27.4 மடங்கு. அதன் இருமடி ஏறத்தாழ 750. 750-இன் மும்மடி மூலம் 9.09. நிலவின் சராசரித் தொலைவான 3,84,400 கிலோமீட்டரை 9.09 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42,300 வரும். நிலவின் சொந்த நிறையையும் சூரியனின் இழுப்பையும் விட்டுவிட்டதால் சிறு பிசகு இருக்கும், அவ்வளவே.

வரலாறு

1895-இல் ரஷ்யப் பள்ளியாசிரியர் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி, நிலநடுக்கோட்டில் ஒரு கோபுரத்தை எழுப்பிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உச்சியில் நிற்பவர் எடையற்றுப்போவார் என்று எழுதினார். தூண்டுதல் பாரிசின் ஈபிள் கோபுரம். அவர் குறித்த உயரம் இந்தப் பாதையின் உயரமேதான். ஆனால் அங்கே எதையும் சுற்றவிடும் யோசனை அவருக்கு இல்லை.

அதைச் செய்தவர் ஹெர்மன் பொட்டோச்னிக். 1892-இல் அட்ரியாட்டிக் கரையிலுள்ள பூலா துறைமுகத்தில் பிறந்த ஸ்லோவேனியர். ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் பொறியாளர். முதல் உலகப்போரில் காசநோய் பற்றியதால் ஓய்வளித்து அனுப்பப்பட்டார். பிறகு வியன்னாவில் மின்பொறியியல் படித்தார். வேலையும் குடும்பமும் இல்லாத அந்த ஆண்டுகளில் எழுதிய ஒரே நூல், விண்வெளிப் பயணத்தின் சிக்கல்கள் பற்றியது. நோர்டுங் என்ற புனைபெயரில் 1928 இறுதியில் பெர்லினில் வெளியானது. அட்டையில் 1929 என்றிருக்கும். படங்களையும் அவரே வரைந்தார். நூல் வந்த மறு ஆண்டு ஆகஸ்டில், 36 வயதில் இறந்தார்.

புவியோடு ஒத்துச் சுழலும் பாதையில் மனிதர் வாழும் நிலையம் ஒன்றை அந்நூல் விவரிக்கிறது. அதன் குடியிருப்பு 30 மீட்டர் விட்டமுள்ள ஒரு சக்கரம். 8 நொடிக்கு ஒருமுறை சுழலும். விளிம்பில் இருப்பவருக்குக் கிடைக்கும் மையநோக்கு முடுக்கத்தைக் கணக்கிட்டால் 9.25 மீட்டர்/நொடி² வருகிறது. தரை ஈர்ப்புக்குச் சற்றே குறைவு. பெரிய வட்டத்தில் ஈர்ப்புக்கு இணங்கி விழுந்துகொண்டிருக்கும் நிலையத்தில், சிறிய வட்டத்தால் எடையை உண்டாக்குகிறார். ஒரே சூத்திரத்தை இரண்டு அளவில் இப்படிக் கையாள்கிறார். நூல் முழுமையாக ஆங்கிலத்தில் வர 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, நாசா வெளியிட்டது.

ஆயினும் இந்தப் பாதைக்கு வழங்கும் மறுபெயர் கிளார்க் பாதை. 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் ஆர்தர் சி. கிளார்க் எழுதிய கட்டுரைதான் காரணம். அப்போது அவர் பிரித்தானிய விமானப்படையின் ரேடார் அதிகாரி. 120 பாகை இடைவெளியில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் வானொலி அஞ்சல் செய்யலாம் என்றார். பாதை பழையது, பயன்தான் புதிது. வால்வு கெட்டால் மாற்ற ஆள் வேண்டுமே என்று அந்நிலையங்களில் மனிதரையும் குடிவைத்தார். கட்டுரைக்குக் கிடைத்தது 15 பவுண்டு. காப்புரிமை கோரவில்லை.

கிளார்க் 1956-இல் இலங்கையில் குடியேறி 2008-இல் கொழும்பில் மறைந்தார். 1979-இல் வந்த அவருடைய நாவலொன்றில் இப்பாதையிலிருந்து தரைக்குக் கம்பிவடம் இறக்கி மின்தூக்கி ஓட்டுகிறார்கள். சியோல்கோவ்ஸ்கியின் கோபுரத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டதுதான் அது. வடம் நிலநடுக்கோட்டில் இறங்க வேண்டும் என்பதற்காகத் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவைத்தார். புவியியல் ஆசிரியர்கள் மன்னிக்கட்டும்.

கிளார்க்கின் அஞ்சல் யோசனையைச் செயலில் முடித்தது அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனத்தில் ஹரால்டு ரோசன் தலைமையிலான குழு. 1963 பிப்ரவரியில் ஏவிய சின்காம்-1 பாதையை எட்டும் தறுவாயில் ஊமையானது. ஜூலையில் ஏவிய சின்காம்-2 வேலை செய்தது. ஆனால் அதன் பாதை சாய்ந்திருந்ததால் வானில் வடக்கும் தெற்குமாக ஊசலாடியது. அசையாமல் நின்ற முதல் கோள் 1964 ஆகஸ்டில் ஏவிய சின்காம்-3. அக்டோபரில் டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளைப் பசிபிக் கடந்து அமெரிக்காவுக்கு அனுப்பியது அதுவே. சோவியத் ஒன்றியம் இந்தப் பாதையில் தொடக்கத்தில் அக்கறை காட்டவில்லை. வடதுருவத்தை ஒட்டிய நிலப்பரப்பில் நிலநடுக்கோட்டுக் கோள் அடிவானத்தில் ஒட்டிக்கிடக்கும். 81 பாகை அகலாங்குக்கு மேல் தெரியவே தெரியாது. அதனால் 12 மணி நேரத்தில் சுற்றும் நீள்வட்ட மோல்னியா பாதையை அவர்கள் தேர்ந்தார்கள்.

இந்தியாவுக்கு முதல் பழக்கம் இரவல் கோளில். அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 கோளை 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்குப் பெற்று, ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. கொழும்பில் கிளார்க்கின் வீட்டுக்கும் இஸ்ரோ பொறியாளர்கள் ஓர் ஆன்டெனா அமைத்துக் கொடுத்தார்கள். சொந்தக் கோளான ஆப்பிள் 1981 ஜூன் 19 அன்று கூருவிலிருந்து ஏரியன் ராக்கெட்டில் சென்றது. அதை மாட்டுவண்டியில் ஏற்றிச் சோதித்த படம் பலர் பார்த்ததே. ஏழ்மையால் அல்ல, உலோகம் சூழாத இடம் தேவைப்பட்டதால் மரவண்டி.

புலத்தின் கோணல்

மேலே சொன்ன கணக்கு புவியைச் சரியான உருண்டையாகக் கொள்கிறது. புவி அப்படியில்லை. துருவங்களில் தட்டையாக இருப்பது எல்லாருக்கும் தெரியும். நிலநடுக்கோடே முழு வட்டமில்லை என்பது அவ்வளவாகத் தெரியாது. அதன் பெரிய ஆரத்துக்கும் சிறிய ஆரத்துக்கும் வேறுபாடு 70 மீட்டர் அளவில்தான். ஆனாலும் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கோளை அது பக்கவாட்டில் இழுக்கிறது.

விளைவு விசித்திரமானது. 83° கிழக்கில் நிற்கும் ஒரு கோளை எடுத்துக்கொள்வோம். புவியின் புடைப்பு அதைக் கிழக்கே, அது ஓடும் திசையிலேயே இழுக்கிறது. முன்னால் இழுபட்ட கோளின் பாதை சற்றே உயரும். உயர்ந்தால் சுற்றுக்காலம் நீளும். நீண்டால் புவியின் சுழற்சிக்குப் பின்தங்கும். கிழக்கே இழுத்த கோள் மேற்கே நகர்கிறது! தடுக்காவிட்டால் அது 75° கிழக்கைத் தாண்டி மறுபுறம் போய்த் திரும்பி வரும். இந்த ஊசலாட்டம் ஒன்றுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். நிலையான இடங்கள் இரண்டே: இந்தியப் பெருங்கடலின் மேல் 75° கிழக்கு, பசிபிக் மேல் 105° மேற்கு. எரிபொருள் தீர்ந்து கைவிடப்பட்ட கோள்கள் பல இவற்றைச் சுற்றியே ஆடிக்கொண்டிருக்கின்றன. இலங்கைக்குத் தெற்கே கடல்மட்டச் சமபரப்பு 106 மீட்டர் தாழ்ந்திருப்பதும் முதல் இடத்துக்கு அருகில்தான். புவி ஈர்ப்புப்புலத்தின் ஆகப் பெரிய பள்ளம் அது.

சூரியனும் நிலவும் பாதையை ஆண்டுக்கு முக்கால் முதல் ஒரு பாகை வரை சாய்க்கின்றன. கோளைக் கிழக்கு மேற்காக நிலைநிறுத்த ஆண்டுக்கு நொடிக்கு 2 மீட்டர் திசைவேக மாற்றம் போதும். வடக்கு தெற்காக நிறுத்துவதற்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேண்டும். செயற்கைக்கோளின் ஆயுள் என்பது பெரும்பாலும் இந்த எரிபொருளின் ஆயுளே.

உரிமையும் இன்றைய நிலையும்

பாதையின் இடங்களைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பகிர்ந்தளிக்கிறது. 1976-இல் கொலம்பியா உள்ளிட்ட நிலநடுக்கோட்டு நாடுகள் பொகோட்டாவில் கூடி, தங்கள் தலைக்கு மேலுள்ள பகுதி தங்கள் நிலத்தின் தொடர்ச்சி என அறிவித்தன. இயற்பியலிலும் சட்டத்திலும் அதற்கு ஆதாரமில்லை. பிற நாடுகள் ஏற்கவில்லை. இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட கோள்கள் இப்பாதையில் இயங்குகின்றன. ஆயுள் முடிந்தவற்றை 300 கிலோமீட்டர் அளவுக்கு மேலே தள்ளிவிடுவது வழக்கம். அலை ஏறி இறங்கக் கால் நொடி ஆவதால் இணையச் சேவை தாழ்பாதைக் கோள்களுக்கு மாறி வருகிறது.