காளத்தியின் எழுத்துத் துணி: ஒரு தொழிலும் அதன் பெயர்களும்

பொன்முகலியாற்றங்கரையில் அமைந்த திருக்காளத்தி, தேவாரப் பாடல் பெற்ற தலமாகத் தமிழருக்கு நன்கு அறிமுகமான ஊர். 1911இல் சித்தூர் மாவட்டத்திலும், 2022இல் புதிய திருப்பதி மாவட்டத்திலும் சேர்க்கப்பெற்ற இச்சிறுநகரின் பெயர்பெற்ற தொழில் துணியில் சித்திரம் எழுதுதல் ஆகும். இன்று அது கலம்காரி என வழங்குகிறது. இத்தொழிலுக்கு வழங்கிய பெயர்கள் அதன் வரலாற்றை எவ்வாறு காட்டுகின்றன என்பது இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது.

1. தொழில்முறை

பருத்தித் துணி முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தப்படுகிறது. பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் தடுக்கிறது. புளியங்குச்சிக் கரியால் உருவம் வரைந்தபின், துணியோ கம்பளியோ சுற்றிய மூங்கில் எழுதுகோலால் கோடுகள் இடப்படுகின்றன. இரும்பையும் வெல்லத்தையும் நீரில் புளிக்கவைத்துப் பெறும் 'கசிமி', துணியிலுள்ள கடுக்காய்த் துவர்ப்புடன் கூடிக் கறுக்கிறது.

சிவப்பு உண்டாகும் முறை தனித்து நோக்கத்தக்கது. கலைஞர் சிவப்பு நிறத்தைத் தீட்டுவதில்லை. சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீரையே இடுகிறார். பின்னர்ச் சாயவேர் அல்லது மஞ்சிட்டி இட்ட நீரில் துணியைக் கொதிக்கவைக்கும்போது, படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் செஞ்சாயம் நிலைக்கிறது. எனவே 'வண்ணம் தீட்டிய துணி' என்னும் மொழிபெயர்ப்பு இம்முறைக்கு முழுதும் பொருந்தாது.

இதனையொத்த சோழமண்டலக் கரைச் சாயமுறையை 1742இல் தம் கடிதத்தில் விரித்தெழுதியவர் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி கேர்தூ. வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை 1767இல் எடுத்துக்காட்டியவரும் அவரே என்பது மொழியியலார் அறிந்தது.

2. பெயர்கள்

கலம்காரி பாரசீகச் சொல். 'கலம்' எழுதுகோலையும் 'காரி' வேலையையும் குறிக்கும். போர்த்துக்கீசிய வணிகர் இத்தகைய துணியைப் 'பிந்தாதோ' என்றனர். தமிழில் 'சீட்டி' என்னும் சொல் வழங்கியது. தெலுங்கில் இதன் பெயர் 'வ்ராதபனி', அதாவது எழுத்துவேலை. மசூலிப்பட்டினத்தில் மர அச்சால் செய்யப்படும் வேலையோ 'அத்தகம்' எனப்பட்டது. தமிழிலும் 'எழுது' என்னும் வினை எழுத்துக்கும் ஓவியத்துக்கும் பொது என்பது இங்கு ஒப்பிடத்தக்கது. காளத்தித் துணிகளில் இவ்விரண்டும் அருகருகே நிற்கின்றன: இராமாயண, மகாபாரதக் காட்சிகளோடு அவற்றை விளக்கும் தெலுங்கு வரிகளும் எழுதப்பெறுகின்றன.

தெலுங்கில் இரு சொற்களால் பிரித்துணர்த்தப்பட்ட இரு தொழில்களும் இன்று கலம்காரி என்னும் ஒரே பெயரில் அடங்கிவிட்டன. எழுதுகோலே தொடாத அச்சுத் துணிக்கும் எழுதுகோலின் பெயர் வழங்குவது இதன் விளைவு எனலாம்.

3. வீழ்ச்சியும் மீட்பும்

இங்கிலாந்தில் 1701இலும் 1722இலும் நடைமுறைக்கு வந்த தடைச்சட்டங்கள் கடற்கரை ஊர்களின் ஏற்றுமதியைத் தாக்கின. காளத்தியின் எழுத்துத் துணியோ பெரிதும் கோயிலையும் செல்வர் ஆதரவையும் சார்ந்திருந்தது. அவ்வாதரவு குன்றியபோது தொழிலும் குன்றியது. 1869க்குப்பின் சந்தைக்கு வந்த செயற்கைச் செஞ்சாயம் சாயவேரின் தேவையைக் குறைத்தது.

1952இல் அமைக்கப்பெற்ற அகில இந்தியக் கைவினை வாரியத்திற்குத் தலைமை தாங்கிய கமலாதேவி சட்டோபாத்யாயவின் முயற்சியால், அப்பத்தாண்டின் பிற்பகுதியில் காளத்தியில் பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றது. தொழில் பிழைத்தது, ஆயின் வாங்குவோர் மாறினர். கோயில் திரைகளின் இடத்தைச் சேலையும் துப்பட்டாவும் பெரிதும் பிடித்தன. 2005-06இல் காளத்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிட்டியது.

4. முடிவுரை

வணிகர் இட்ட பெயர் சட்டப் பாதுகாப்புப் பெற்றுள்ளது. எனினும் திரை அச்சில் விரைந்து செய்யப்படும் போலித் துணிகளும் அப்பெயரிலேயே கடைகளில் விற்கின்றன. இந்நிலையில் கையெழுத்து வேலையையும் அச்சுவேலையையும் பிரித்துக்காட்டத் தொழிலாளர் சொற்களே துணைநிற்கும். மொழிபெயர்ப்பாளர் அவற்றைப் பொதுச்சொல்லில் கரைத்துவிடாமல் காப்பதும், கலைஞர் வாய்ச்சொற்களை அகராதிகளில் பதிவதும் இன்றியமையாதன. சொல் மறையின் செய்முறையின் சான்றும் உடன் மறையும்.