விறகு சேராத கணக்கு

ஒரு நாட்டின் போர் வலிமையை ஒற்றை எண்ணாகச் சொல்லிவிட முடியுமா? முடியும் என்றது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜே. டேவிட் சிங்கர் 1963இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம். 1972இல் அவரும் இரு சகாக்களும் வெளியிட்ட குறியீடு ஆறு கணக்குகளைக் கூட்டுகிறது: மொத்த மக்கள்தொகை, நகர மக்கள்தொகை, இரும்பு–எஃகு உற்பத்தி, எரிசக்தி நுகர்வு, படைச் செலவு, படையினர் எண்ணிக்கை. ஒவ்வொன்றிலும் உலக மொத்தத்தில் ஒரு நாட்டுக்கு உள்ள பங்கைக் கண்டு, ஆறுக்கும் சராசரி எடுப்பார்கள். சர்வதேச உறவுத் துறையில் இன்றும் புழங்கும் அளவுகோல் இது.

ஏன் இந்த ஆறு? ஏன் எல்லாவற்றுக்கும் சம எடை? அரசுகள் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தவை இவை. 1816 வரை பின்னோக்கிப் போக வேண்டுமென்றால் கிடைக்கும் புள்ளிவிவரங்களை வைத்துத்தான் அளக்க முடியும். நாளடைவில் அளக்க முடிந்ததே வலிமை என்றாகிவிட்டது.

எரிசக்தியைப் பாருங்கள். நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு, மின்சாரம் ஆகிய நான்கும் கணக்கில் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் எஃகு ஆலை இழுக்கும் மின்சாரம் சேரும். உருட்டித் தரும் எஃகும் சேரும். திருப்பாச்சூர் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் சுமந்து வந்த சுள்ளிக்கும் வறட்டிக்கும் இடமில்லை. அதே பெண் கேஸ் அடுப்புக்கு மாறினால் நாட்டின் ‘வலிமை’ கூடுகிறது. வடித்த சோறு அதேதான். அதை உண்டு வளர்ந்து பட்டாளத்துக்குப் போன பிள்ளையும் அவனேதான். தேசிய வருமானக் கணக்கில் இதே ஓட்டையை 1988இல் மர்லின் வேரிங் காட்டினார்.

முடிவு சரியாக வந்தால் போதாதா என்று கேட்கலாம். 1987இல் இந்திய அமைதிப்படை ஈழத்துக்குப் போனது. குறியீட்டில் அரசுகளுக்கு மட்டுமே வரிசை உண்டு. புலிகளுக்கு எண்ணே இல்லை. 1,100க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் படை திரும்பியது. இப்படி நேரும்போதெல்லாம் ‘மன உறுதி’, ‘நிலப்பரப்பு’ என்று கணக்குக்கு வெளியே காரணம் தேடுகிறோம். எந்த முடிவாலும் பொய்யாகாத சூத்திரம் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இது வெறும் உள்ளாற்றலை அளப்பது, போர்க்கள முடிவைச் சொல்வதல்ல என்பார்கள். சரி, ஆனால் உள்ளாற்றல் எது என்று தீர்மானித்தது யார்?

அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் வேறொரு கணக்கு எழுதப்பட்டது. பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, போருக்குள் பெண்கள் பட்டதை அவர்கள் வாய்மொழியாகக் கேட்டுப் பதிவு செய்தார். ‘முறிந்த பனை’ நூலில் அது இருக்கிறது. 1989 செப்டம்பர் 21 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தப் போருக்குத் தப்பி வந்தவர்களின் முகாம் ஒன்று இன்றும் கும்மிடிப்பூண்டியில், எஃகு ஆலைகள் இருக்கும் அதே ஊரில், இருக்கிறது. எஃகுக்குக் குறியீட்டில் தனி வரிசை உண்டு. போர் என்னென்ன எடுத்துக்கொண்டது என்று அந்த முகாமின் பெண்களுக்குத் தெரியும். அதற்கு அங்கே வரிசை இல்லை.