விமரிசனமும் புள்ளியும்

கலைப்படைப்புக்குத் தரமிடுதல் விமரிசனத்திற்குத் துணையாகுமா என்னும் வினாவுக்கு இலங்கை இசை வரலாற்றில் ஒரு விடையும் தமிழ்த் திரைப்பட வரலாற்றில் வேறொரு விடையும் கிடைக்கின்றன.

1952-ஆம் ஆண்டில் இலங்கை வானொலி, தன் இசைக்கலைஞரைத் தரம் பிரிப்பதற்கு இந்தியாவிலிருந்து பேராசிரியர் எஸ். என். ரத்தன்ஜங்கரை வரவழைத்தது. அவர் இந்துஸ்தானி இசையிற் பேரறிஞர். அவ்விசையை லக்னோவில் முறையாகக் கற்றுத் தேர்ந்திருந்தும் சிங்கள இசைக்குத் தனிவழி தேடிய சுனில் சாந்த, அத்தேர்வுக்குத் தோற்ற மறுத்தார். வானொலி வாய்ப்பையும் இழந்தார். அவர் மறுத்தது தேர்வாளரின் புலமையை அன்று. பிறிதொரு மரபின் அளவுகோலையே. நம் கூத்தரங்குக்கும் இது பொருந்தும். போர்ப்பொருள் பயிலும் வடமோடிக்கும் காதற்பொருள் பயிலும் தென்மோடிக்கும் ஆட்டமும் உடையும் பாடன்முறையும் வேறு. ஒரே புள்ளித்திட்டம் இரண்டையும் எங்ஙனம் அளக்கும்?

தமிழகத்தில் 'ஆனந்த விகடன்' திரைப்படங்களுக்கு நூற்றுக்கு இத்தனையென மதிப்பெண் வழங்கியது. (நாம் புள்ளி என்போம்.) 1977-இல் வெளிவந்த '16 வயதினிலே' 62.5, 1978-இன் 'முள்ளும் மலரும்' 61, 1979-இன் 'உதிரிப்பூக்கள்' 60 பெற்றன. சிறந்த படங்களே அறுபதைச் சிறிது தாண்டின என்றால், அவ்வேட்டின் கை எத்துணை இறுகியது என்பது விளங்கும். அச்சிக்கனமே அவ்வெண்ணுக்கு மதிப்பளித்தது. செங்கலடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்குச் சென்று படம் பார்க்க வேண்டியவனுக்குப் புறப்படுமுன் இத்தகைய எண் உண்மையாகவே பயன்படும்.

ஆனால் முதலிரு படங்களுக்கிடையிலுள்ள ஒன்றரைப் புள்ளி எதனைக் குறித்தது? படப்பிடிப்புத் தளத்தை விட்டுக் கிராமத்துக்கே சென்ற பாரதிராஜாவின் துணிவையா? 'முள்ளும் மலரும்' படத்தில் இயற்கையொளியை ஆண்ட, மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு அதனாற் குறைந்ததாகுமா? விடைத்தாள் திருத்துவோர் இச்சங்கடத்தை நன்கறிவர். எனினும் அவர்களிடம் வகுத்த புள்ளித்திட்டமொன்றேனும் உண்டு.

1987-இன் 'நாயகன்' படமும் 60 பெற்றது. ஒன்று பம்பாய் நிழலுலகக் கதை. 'உதிரிப்பூக்கள்' புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவி, ஒரு கிராமத்துக் கொடுங்கணவனைக் காட்டுவது. இவ்விரண்டும் எவ்வகையில் ஒத்தன என ஆராயப்புகும் மாணவர் எண்ணை விடுத்து, அதனோடு அச்சான விமரிசனத்தையே தேடிப் படிக்க வேண்டியிருக்கும்.