ஹோல்பைனின் ஓவியமும் தஸ்தயேவ்ஸ்கியும்

1867 ஆகஸ்டில், பேடன்-பேடனிலிருந்து ஜெனீவாவுக்குச் செல்லும் வழியில் தஸ்தயேவ்ஸ்கியும் அவரது இளம் மனைவி அன்னாவும் பாஸல் நகரில் ஒருநாள் தங்கினார்கள். கடன் தொல்லையால் ரஷ்யாவை விட்டு வெளியேறி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கையிருப்பைச் சூதாட்ட மேசைகள் விழுங்கியிருந்தன. அன்னா கருவுற்றிருந்தார். அந்த நெருக்கடியிலும் அவர்கள் அங்கே இறங்கியது ஓர் ஓவியத்தைப் பார்ப்பதற்காக.

இளைய ஹான்ஸ் ஹோல்பைன் 1521-22இல் தீட்டிய, கல்லறையில் கிடத்தப்பட்ட கிறிஸ்துவின் சடலம் அது. நீளம் 2 மீட்டர். உயரமோ சுமார் 30 சென்டிமீட்டர்தான். சவப்பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே பார்ப்பது போலிருக்கும். ஒளிவட்டம் இல்லை, அழும் அன்னை இல்லை, தேவதூதர் எவரும் இல்லை. பச்சை பாரித்த முகம், திறந்த வாய், யாரும் மூடிவிடாத கண்கள், காயத்தைச் சுற்றிக் கறுத்துவிட்ட தசை. இதில் தெய்வீகத்தின் சாயலே இல்லை என்று கரம்சின் தமது பயணக் கடிதங்களில் முன்பே எழுதியிருந்தார். தஸ்தயேவ்ஸ்கி இளமையிலேயே கரம்சினைப் படித்தவர்.

அன்னாவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வேறு அறைகளுக்குப் போய்விட்டுக் கால்மணி நேரத்துக்கு மேல் கழித்துத் திரும்பினால், கணவர் அதே இடத்தில் ஆணியடித்தாற்போல் நிற்கிறார். வலிப்பு வருவதற்கு முன் தோன்றும் கலவரம் அவர் முகத்தில் படர்ந்திருந்ததாக அன்னா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கையைப் பிடித்து அழைத்துச்சென்று உட்காரவைத்தார். வலிப்பு வரவில்லை. ஆனால் புறப்படும் முன் அதை இன்னொரு முறை பார்த்தே ஆகவேண்டுமென்று அவர் பிடிவாதம் பிடித்தார். அருகில் பார்க்க வேண்டி நாற்காலி மீது ஏறினார் என்றும், அபராதம் போட்டுவிடுவார்களோ என்று தாம் அஞ்சியதாகவும் அன்னாவின் குறிப்புகள் சொல்கின்றன. கையில் காசில்லாத வீட்டுத்தலைவியின் நியாயமான கவலை!

ஓவியம் எழுத்தாளனுக்கு ஊக்கம் தருகிறது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்; நானும் வகுப்பில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். தஸ்தயேவ்ஸ்கியின் உள்ளத்தை உயர்த்திய ஓவியமும் உண்டு: ராஃபேலின் சிஸ்டைன் மடோனா. 1879இல் நண்பர்கள் தந்த அதன் புகைப்படப் பிரதி அவரது படிப்பறைச் சுவரில் இருந்தது. 1881இல் அவர் இறந்ததும் அந்த அறையில்தான். ஆயினும் அவருடைய நாவலுக்குள் புகுந்து அதை ஆட்டிப்படைத்தது மடோனா அல்ல, பாஸலின் பிணம்.

எம்.ஏ. சுசீலாவின் தமிழாக்கத்தில் 2011இல் வெளிவந்த ‘அசடன்’ நாவலைப் படித்தவர்களுக்கு ரோகோஸினின் இருண்ட வீடு நினைவிருக்கும். அங்கே கதவொன்றின் மேல் இதே ஓவியத்தின் பிரதி தொங்குகிறது. இதைப் பார்த்தால் ஒருவனுக்கு உள்ள நம்பிக்கையும் போய்விடுமே என்கிறான் மிஷ்கின். அதுதான் போய்க்கொண்டிருக்கிறது என்று ரோகோஸின் ஒப்புக்கொள்கிறான். பிறகு, காசநோயில் செத்துக்கொண்டிருக்கும் இப்போலித் கேட்கிறான்: இப்படியொரு சடலத்தைக் கண்ட சீடர்கள், இவர் உயிர்த்தெழுவார் என்று எப்படி நம்பியிருக்க முடியும்? நாவல் முழுவதிலும் அவனுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அந்த நாவலை எழுதிக்கொண்டிருந்த 1868இல்தான், பாஸலில் அன்னாவின் வயிற்றில் இருந்த குழந்தை சோஃபியா மூன்று மாதம் உயிரோடிருந்து ஜெனீவாவில் இறந்துபோனாள்.

ஆனால் அந்த ஓவியம் நாவலில் முழுமையாக விரிவது, அதைப் பற்றி எவரும் பேசாத கடைசிக் காட்சியில் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே வீடு. ரோகோஸின் கொன்ற நஸ்தாஸ்யா கட்டிலில் கிடத்தப்பட்டிருக்கிறாள். வெள்ளைத் துணிக்கு வெளியே ஒரு பாதத்தின் நுனி மட்டும் தெரிகிறது. ஓர் ஈ ரீங்கரித்துப் பறந்து தலைமாட்டில் அமர்கிறது. கொன்றவனும் மிஷ்கினும் அருகருகே படுத்து விடியும்வரை காத்திருக்கிறார்கள்.