காபி கிளப்பும் இரண்டு டம்ளரும்

வெளியூர் நண்பர்களுக்காக முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கொங்குப் பக்கத்தில் பேக்கரி என்றால் ரொட்டிக் கடை மட்டும் இல்லை. டீ, காபி, தேங்காய் பன், முட்டை பப்ஸ், ஒரு டிவி, நாலு பெஞ்சு, எண்ணெய் பட்ட தினத்தந்தி எல்லாம் சேர்ந்ததுதான் பேக்கரி. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்கு இது புரியும். எங்கள் கல்லூரி வாசலிலும் ஒன்று இருக்கிறது. கடைசி பீரியடை கட் அடித்தால் நேராக அங்கேதான் போவோம்.

போன வருஷம் வகுப்புத் தோழன் ஒருவனின் ஊருக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த ஊர் பேக்கரிக்குப் போனோம். பெஞ்சில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து கண்ணாடி டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவன் வெளியே நின்றபடியே "ரெண்டு டீ, பேப்பர் கப்புல" என்றான். பெஞ்சில் இடம் இருந்தது. ஆனாலும் நின்றுகொண்டேதான் குடித்தோம். பையன் ரொம்ப சுத்தம் பார்க்கிறான் போல என்று நினைத்து அவனைக் கிண்டல் செய்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருக்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னான். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஊருக்குத் திரும்பியதும் காபிக் கடைகளின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காபி நம் பரம்பரைப் பானம் என்று பெருமை பேசுகிறோம். அது அவ்வளவு பழசெல்லாம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் ஏற்காட்டிலும் நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் காபி பயிரிட்டது ஏற்றுமதி பண்ணத்தான். அந்த நூற்றாண்டு முடிகிற சமயத்தில்தான் அது நம் நடுத்தர வீடுகளின் அடுப்படிக்குள் வந்தது. காலையில் நீராகாரம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் காபிக்கு மாறியதைப் பார்த்து அன்றைய பெரியவர்கள் புலம்பித் தள்ளியிருக்கிறார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் எழுதி வெளியிட்ட 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற புத்தகத்தில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது. கல்லூரி நூலகத்தில் இருந்தால் எடுத்துப் படியுங்கள். நாவல் போல ஓடும்.

வீட்டுக் காபி தெருவுக்கு வந்தபோது பிறந்ததுதான் 'காபி கிளப்'. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை, கும்பகோணம், தஞ்சாவூர், திருநெல்வேலி என்று எல்லா ஊரிலும் கிளப்புகள் முளைத்தன. குமாஸ்தா, வக்கீல், வாத்தியார், நம்மைப் போன்ற மாணவர்கள் எல்லாம் வந்தார்கள். நடத்தியவர்களில் பெரும்பாலோர் பிராமணர்கள். கடைப் பலகையில் 'பிராமணாள்' என்று ஒரு சொல் கட்டாயம் இருக்கும். இதற்கு ஒரு வியாபாரக் காரணமும் உண்டு. யார் சமைத்ததை யார் சாப்பிடலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு இருந்த காலம் அது. பிராமணர் சமைத்தால் எல்லாச் சாதிக்காரர்களும் சாப்பிடுவார்கள். ஆக, அந்தச் சொல் ஒரு முத்திரை, இன்றைக்கு 'சுத்த சைவம்' என்று போடுவது போல.

ஆனால் பலகையைத் தாண்டி உள்ளே போனால் வேறு கதை. பல கடைகளில் பிராமணர்கள் உட்காரத் தனி இடம், மற்ற சாதியாருக்குத் தனி இடம். தலித்துகளுக்கு அங்கே இடமே கிடையாது. கல்லாவில் விழுகிற காசுக்கு மட்டும் சாதி இல்லை!

டபரா டம்ளரைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டு. டம்ளரின் வாய் வெளிப்பக்கம் வளைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க அது வசதி. எச்சில் பற்றிய பயத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடைக்காது. எனக்கு அப்படிக் குடிக்கத் தெரியாது, சட்டையில்தான் ஊற்றிக்கொள்வேன், அது வேறு விஷயம் :)

சாப்பாட்டுப் பந்தியில் பிரித்து உட்காரவைப்பது அன்றைக்கு அரசியலையே புரட்டிப்போட்ட விஷயம். வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்று 1924–25இல் பெரிய சண்டை நடந்தது. காங்கிரஸ் பணத்தில் நடந்த பள்ளியில் இப்படியா என்று கேட்டவர்களில் முக்கியமானவர் பெரியார். 1925 முடிவதற்குள் அவர் காங்கிரஸை விட்டே வெளியேறினார். ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளிலும் பிராமணர், பிராமணரல்லாதார் என்று பிரிவு இருந்தது. ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் இடித்துக்கொண்டு வந்தவர்கள் இறங்கியதும் இரண்டு அறைக்குள் போக வேண்டும். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1941இல்தான் அது ஒழிந்தது.

நடுவில் இன்னொரு விதமான காபிக் கடை வந்தது. காபி விற்காமல் தேங்கியதால் உள்நாட்டில் குடிக்கவைக்க அரசே ஏற்பாடு செய்து திறந்த 'இந்தியா காபி ஹவுஸ்'. முதல் கடை 1936இல் பம்பாயில். தலைப்பாகை கட்டிய சர்வர், பீங்கான் கோப்பை. பீங்கான் கோப்பையில் உதடு வைத்துத்தான் குடிக்க முடியும். அதே கோப்பை கழுவி அடுத்தவருக்கு வரும். முன்னால் குடித்தவர் யார் என்று யாருக்குத் தெரியும்? 1950களில் காபி போர்டு இந்தக் கடைகளை மூட முடிவெடுத்தபோது, ஏ.கே. கோபாலன் தூண்டுதலில் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து 1957இலிருந்து அவற்றை எடுத்து நடத்தினார்கள்.

இதே 1957இல்தான் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே போராட்டம். 'பிராமணாள்' என்ற சொல்லைப் பலகையிலிருந்து எடுக்க வேண்டும் என்று பெரியாரின் திராவிடர் கழகத்தினர் மே மாதம் மறியலை ஆரம்பித்தார்கள். தினமும் ஆட்கள் வருவதும் கைதாவதும் மறுநாள் வேறு ஆட்கள் வருவதுமாக 1958 வரை போயிற்று. ஒரு சொல்லுக்காக இவ்வளவா என்று கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. 'இது பிராமணர் கடை' என்று எழுதினால் மற்றவர்கள் யார் என்றும் சேர்த்தே எழுதியதாகிறது என்பது பெரியார் தரப்பு வாதம். என் கடைக்கு என் இஷ்டப்படி பெயர் வைப்பேன் என்பது மறு தரப்பு. 2012இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஹோட்டல் பலகையில் அதே சொல் வந்தபோது அதே வாதமும் அதே போராட்டமும் மறுபடி நடந்தன. 55 வருஷம் கழித்து!

டவுனில் சண்டை பலகையைப் பற்றியது. கிராமத்தில் பலகையே இல்லாமல் எல்லோருக்கும் விதி தெரியும். 1930களுக்குப் பிறகு டீ பரவிய வேகத்தில் கிராமத்துக்குக் கிராமம் டீக்கடை வந்தது. அங்கேதான் இரட்டை டம்ளர். ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடியோ எவர்சில்வரோ. சேரிக்காரர்களுக்குக் கூரை ஓரத்தில் செருகிய அலுமினிய டம்ளர் அல்லது கொட்டாங்குச்சி. பெஞ்சில் உட்காரக் கூடாது. குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆவது பிரிவு கடைகளையும் உணவு விடுதிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இன்னும் நுணுக்கமானது. ஹோட்டலில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களை ஒருவர் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று 4ஆவது பிரிவில் தனியாகவே எழுதினார்கள். டம்ளரை மனதில் வைத்தே எழுதியது போல இருக்கிறது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. அமைப்புகள் இரட்டை டம்ளர்களைக் கடை வாசலில் போட்டு உடைக்கும் போராட்டங்களையும் நடத்தின.

இதற்கெல்லாம் டீக்கடைக்காரர்கள் கண்டுபிடித்த பதில்தான் பேப்பர் கப்பு. அதிகாரி வந்து பார்த்தால் கடையில் இரண்டு விதக் கண்ணாடி டம்ளர் இருக்காது. சுகாதாரத்துக்காக வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். சேரிக்காரருக்கு மட்டும் பேப்பர் கப்பு கொடுக்கிறார்கள் என்று பத்திரிகைகளில் எத்தனையோ செய்திகள் வந்துவிட்டன. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் அந்த பேக்கரியில் அடுக்கி வைத்திருந்தார்கள். 2020இல் கொரோனா வந்தபோது எல்லோருக்குமே பேப்பர் கப்புதான், எல்லோரும் வெளியேதான் நிற்க வேண்டும். "அந்த ஒரு வருஷம் எங்க ஊர்க் கடை நல்லா இருந்துச்சுடா" என்றான் நண்பன், சிரித்துக்கொண்டே.

இரண்டு மாதம் முன்பு அவன் தங்கை கல்யாணத்துக்குப் போனேன். இந்த முறை தனியாக. பஸ்ஸை விட்டு இறங்கி அதே பேக்கரியில் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இல்லை.

"வாங்க தம்பி, டீங்களா?"

"ஆமாங்க, ஒரு டீ. ஒரு தேங்காய் பன்."

கண்ணாடி டம்ளரைச் சுடுதண்ணீரில் அலசிக் கையில் எடுத்தார்.

"எந்த ஊருங் தம்பி? யாரு வூட்டுக்கு வந்துருக்கறீங்?"

கல்யாண வீட்டுக்கு என்று சொல்லி, நண்பனின் அப்பா பெயரைச் சொன்னேன்.

"அப்படிங்களா" என்றார். டம்ளரைத் திரும்ப வைத்துவிட்டு, அடுக்கிலிருந்து ஒரு பேப்பர் கப்பை உருவினார். என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஆனால் டீயை பெஞ்சுக்குக் கொண்டுவந்து தராமல் வெளி மேடையில் வைத்தார். 12 ரூபாய் கொடுத்தேன். பன்னை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன்.