பட்டம் பெறாத பேரறிஞர்: ஒலிவர் ஹெவிசைட்

அறிவு என்றதும் பட்டமும், பட்டம் என்றதும் பல்கலைக்கழகமும் நம்மவர் மனத்தில் ஒருங்கே எழுகின்றன. ஒருவர் ஒரு கருத்தைக் கூறினால், "அவர் என்ன படித்தவர்?" என்று விசாரித்த பின்னரே அதற்குச் செவி கொடுக்கின்றோம். சொல்பவர் யாரென்று பாராது சொல்லின் உண்மையைக் காண்பதே அறிவு என வள்ளுவப் பெருந்தகை வகுத்த நெறி மேடைகளில் வாழ்கின்றது. நம் நடைமுறையில் வாழ்கின்றதா என்பது ஐயமே. மின்காந்தவியலின் நான்கு சமன்பாடுகளையும் விரிவுரை மண்டபத்திற் பெயர்த்தெழுதிய நாளில், அவற்றுக்கு அவ்வடிவைக் கொடுத்தவர் பதினாறு வயதோடு பள்ளியை விட்டவர் என்று அறிந்து வியந்தேன். அன்னாரின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலிவர் ஹெவிசைட் 1850 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆந் திகதி இலண்டன் மாநகரின் கம்டன் ரவுன் பகுதியிலே பிறந்தார். தந்தையார் மரச்செதுக்கோவியர், வருவாய் போதாத குடும்பம். இளமையிற் கண்ட செங்காய்ச்சல் அவரது செவிப்புலனைப் பெரிதும் குறைத்தது. பிள்ளைகளோடு விளையாடவும் பேசவும் இயலாத சிறுவன் தன்னுள்ளே ஒடுங்கினான். பரீட்சையொன்றில் ஐந்நூறுக்கு மேற்பட்டோருள் ஐந்தாமிடம் பெற்றும், 1866 இல் அவர் கல்வி முடிவுற்றது. மேலே படிக்க வசதியில்லை.

தந்தித் துறையிற் புகழ்பெற்ற சாள்ஸ் வீற்ஸ்ரன் அவருடைய தாயாரின் சகோதரியின் கணவர். அந்த உறவின் துணையால் ஒலிவர் தந்தி இயக்குநரானார். இங்கிலாந்துக்கும் டென்மார்க்குக்கும் இடையே கடலடியில் ஓடிய தந்திக்கம்பியே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. குறிகள் ஒரு திசையில் விரைவாகவும் மறு திசையில் மெதுவாகவும் செல்வதேன் என்று ஆராயத் தொடங்கினார். 1873 இல் வெளிவந்த மக்ஸ்வெல்லின் மின்காந்தப் பெருநூல் அவர் கைக்கு எட்டியது. அதை விளங்கிக்கொள்ளும் கணிதம் அவரிடம் அப்போது இல்லை. மறுவருடமே, இருபத்துநான்கு வயதில், வேலையைத் துறந்து பெற்றோர் வீட்டின் ஓர் அறையுள் அமர்ந்தார். அதன்பின் ஆயுள் முழுவதும் எந்த உத்தியோகத்தையும் அவர் ஏற்றாரல்லர்.

அந்த அறையிலிருந்து வெளிவந்தவை எவை? மக்ஸ்வெல் இருபது கணியங்களுக்கு இருபது சமன்பாடுகளாக விரித்தவற்றைக் காவிக் கணிதத்தின் துணைகொண்டு நான்காகச் சுருக்கினார். ஜேர்மனியில் ஹேர்ட்ஸ் என்பாரும் தனிவழியே இதையொத்த முடிவை அடைந்தார். தூண்டுதிறன், தடங்கல் ஆகியவற்றுக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களை இட்டவரும் ஹெவிசைட்டே.

அவர் வாழ்க்கையின் பெரும்போர் தொலைபேசி பற்றியது. மனிதக் குரல் பல அதிர்வுகளின் கலவை. நீண்ட கம்பியில் அவ்வதிர்வுகள் வெவ்வேறு வேகத்திற் சென்று, வெவ்வேறு அளவில் நலிவதால், மறுமுனையிற் பேச்சுக் குழம்பிவிடும். கம்பியின் தூண்டுதிறனே இதற்குக் காரணமென்றும் அதை இயன்றவரை குறைக்கவேண்டுமென்றும் பொறியியலாளர் நம்பினர். தூண்டுதிறனைத் தக்க அளவிற்குக் கூட்டினால் எல்லா அதிர்வுகளும் ஒரே வேகத்திற் செல்லும், குரல் உருக்குலையாது என்று 1887 இல் ஹெவிசைட் கணித்துக் காட்டினார். அஞ்சற் பகுதியில் மின்துறைக்குப் பொறுப்பாயிருந்த வில்லியம் பிறீஸ் இதற்கு நேர்மாறான கொள்கையினர். ஒலிவர் தம் தமையனார் ஆதருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை பிறீஸின் தடையால் வெளிவரவில்லை. ஆதர் அஞ்சற் பகுதி ஊழியர். மேலதிகாரியை மீற அவரால் இயலவில்லை. அதுவரை ஒலிவரின் கட்டுரைகளை வெளியிட்டு வந்தது 'எலெக்றீசியன்' என்னும் தொழிற்றுறை வார இதழ். அதன் ஆசிரியர் பிக்ஸ் அதே ஆண்டிற் பதவி நீங்க, புதியவர் அத்தொடரை நிறுத்திவிட்டார்.

1889 தை மாதத்தில் சேர் வில்லியம் தொம்சன் தமது தலைமையுரையில் ஹெவிசைட்டின் ஆராய்ச்சியைப் பாராட்டினார். 1891 இல் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக்கியது. ஆயினும் கம்பிகள் மாறவில்லை. இடையிடையே சுருள்களைப் பொருத்தலாம் என்று அவர் எழுதிய யோசனையை அவர் தேசம் பயன்படுத்தாதிருக்க, 1900 இல் அமெரிக்கப் பேராசிரியர் பூபின் அத்தகைய முறைக்குக் காப்புரிமை பெற்றார். அங்குள்ள தொலைபேசிக் கம்பனி அதைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. ஹெவிசைட்டுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

குற்றம் முழுவதும் பிறர் மீதே என்று கூறுதல் நீதியாகாது. ஹெவிசைட்டின் எழுத்துக் கடினமானது. தாம் கையாண்ட புதிய கணிதமுறைக்கு நிறுவல் தர அவர் கவலைப்படவில்லை. சமிபாடு எவ்வாறு நிகழ்கின்றதென்று அறியும்வரை உணவை மறுப்பதா என்று கேட்டார். 1894 இல் அம்முறை பற்றிய அவரது மூன்றாம் பகுதியை றோயல் சங்கம் ஏற்க மறுத்தது. பிற்காலத்தில் அம்முறை உரிய நிறுவலுடன் பொறியியலின் அன்றாடக் கருவியாயிற்று. தருமமாக வந்த உதவியை அவர் மறுத்தார். 1896 இல் நண்பர்கள் முயன்று, ஆண்டுக்கு 120 பவுண் அரச உபகாரவேதனம் பெற்றுக்கொடுத்தனர்.

வளைந்த பூமியைச் சுற்றி வானொலி அலை செல்வதற்கு வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்கடத்தும் படையொன்று துணைபுரியலாமென 1902 இல் அவர் எழுதினார். கெனலி என்பாரும் அவ்வாண்டிலேயே அவ்வாறு கருதினார். 1924 மார்கழியில் அப்பிள்டன் அதனைப் பரிசோதனையால் உறுதிப்படுத்தினார். அப்போது ரோர்க்கி நகரில், தனியராய், எரிவாயுக் கம்பனியோடு கட்டணத் தகராறு பட்டுக் குளிரில் நடுங்கிய கிழவராக ஹெவிசைட் வாழ்ந்திருந்தார். 1925 மாசி 3 ஆந் திகதி காலமானார்.

இவ்வரலாற்றைக் கற்று, பட்டம் வேண்டாமென்று எவரும் முடிவு செய்தலாகாது. பள்ளியை விட்டவர் பலர், ஹெவிசைட் ஒருவரே. பள்ளி கொடுக்காததைப் பத்தாண்டு உழைப்பால் அவர் தாமே தேடிக்கொண்டார். ஆனால் அவ்வுழைப்பு உலகை அடைந்தது, பட்டம் உண்டா என்று கேளாமல் தம் இதழிற் பக்கம் ஒதுக்கிய ஓர் ஆசிரியராலன்றோ? நம் ஊரிலும் தபாற் கந்தோரில், கடையில், பட்டறையில் அமர்ந்து சிந்திப்பவர் இருக்கலாம். அத்தகையவர் ஒருவர் தாம் எழுதிய தாள்களோடு நம் சங்கத்தின் வாயிலுக்கு வந்தால், இளைஞர்களாகிய நாம் முதலிற் கேட்கவேண்டியது, "என்ன படித்தீர்?" என்பதன்று, "என்ன கண்டீர், காட்டும்" என்பதே.